இடது ஓரத்து அட்டை

"யாரும் கையை வைக்காதீங்க! மூச்சுக்காத்துகூட அட்டை மேல படக்கூடாது!"

நடுவர் இரண்டு நாற்காலிகளைத் தாண்டி, மூன்றாவதை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கழுத்தில் தொங்கிய விசில் அவர் நெஞ்சில் தாளம் போட்டது. அதை அவர் ஊதி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அந்த அட்டை விளையாட்டுக் கடைக்கு வந்துபோகும் அத்தனை பேருக்கும் அவர் 'விசில்'தான்.

முதல் மேஜையில், 'எடிட்டர்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் ஆள்காட்டி விரல் அந்தரத்தில் நின்றது. கீழே வைப்பதா, எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே அவளுடைய மாமனார். அவருக்கு முன்னால், அவருடைய இடது கைப்பக்க ஓரத்தில், ஓர் அட்டை கவிழ்ந்து கிடந்தது.

ஒரு நொடிக்கு முன்னால் அது அங்கே இல்லை.

"என்ன மாமா விளையாட்டு இது?" அவள் குரல் கிறீச்சிட்டது. "வாயால இல்லைன்னு சொல்லிட்டு கையால வைப்பீங்களா?"

"எதை வச்சேன்?" என்றார் மாமனார்.

சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. எடிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆட்டத்தில் அவள் கேட்டது கோப்பையை அல்ல, இந்த மனிதரை.

ஆறு வாரத்துக்கு முன்னால் குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. மகனும் மருமகளும் டாக்டரிடம் வரச்சொல்லிக் கெஞ்சினார்கள்.

"என் உடம்பு என்ன டிப்போ வண்டியா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரேக் பார்க்க?" என்று சிரித்தார் அவர்.

பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் டைம் கீப்பராக இருந்தவர். வண்டி ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் டிரைவரின் பரம்பரையையே விசாரிப்பார். ஓய்வு பெற்ற மறுமாதம், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அட்டை விளையாட்டுக் கடை ஒன்று வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று சண்டை போடத்தான் இறங்கிப் போனார். அங்கே யாரோ யாரையோ பார்த்து, "நீ லேட்டு! நான் விரலை எடுத்தப்புறம்தான் வச்சே!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். டைம் கீப்பர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் அன்று கேட்டதுதான் 'இரட்டை வாசல்' ஆட்டத்தின் உயிர். ஆளுக்கு இரண்டு வாசல், இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டும் உடைந்தால் ஆள் அவுட். தாக்குகிறவர் அட்டையை வைத்து, அதன்மேல் விரலை ஊன்றி, "மறுப்பு உண்டா?" என்று கேட்க வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விரலை எடுக்கலாம். விரல் இருக்கும்வரை எதிராளி மறுப்பு அட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். அந்த மறுப்புக்கு இவர் ஒரு மறுப்பு, அதற்கு அவர் ஒன்று. திறக்கும்போது கடைசியாக வைத்தது முதலில் திறக்கும், அடுக்கிய தட்டை மேலிருந்து எடுப்பது மாதிரி. விரல் எழுந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. அதற்கப்புறம் வைத்தது குப்பை.

கடைக்கென்று இன்னொரு சட்டமும் உண்டு. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார் விசில்: வாய் சொன்னது கணக்கில்லை, கை வைத்ததுதான் கணக்கு.

மருமகளும் இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டது மாமனாரை மடக்கத்தான். பந்தயத்தை முதலில் எடுத்துவிட்டது அவர்.

"வருஷப் போட்டியில என்னை ஜெயிச்சுக் காட்டு, எடிட்டர். நீ கைகாட்டுற ஆஸ்பத்திரிக்கு வாயைப் பொத்திட்டு வர்றேன். நான் ஜெயிச்சா, இந்த வீட்டுல ஆஸ்பத்திரிங்கிற பேச்சே எடுக்கக்கூடாது. உன் புருஷனும்தான்."

முப்பத்திரண்டு பேர் ஆடிய போட்டியில், கடைசியில் எதிரெதிரே வந்து உட்கார்ந்தது ஒரே வீட்டில் ஒரே குளியலறைக்குச் சண்டை போடும் இந்த இரண்டு பேரும்தான்.

ஆட்டம் மூன்றே காலுக்குத் தொடங்கியது. விசில் இருவருடைய அட்டைக் கட்டையும் எண்ணினார். நாற்பது, நாற்பது. முகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. இறுதியாட்டத்தில் எண்ணிக்கை மட்டும்தான், அட்டையின் முகம் நடுவருக்கும் ரகசியம் என்பது அந்தக் கடையின் பழக்கம். எல்லா அட்டைக்கும் கறுப்பு உறை. பின்னாலிருந்து பார்த்தால் எது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

அரை மணி நேரத்தில் டைம் கீப்பர் அவளுடைய வலது வாசலை நொறுக்கினார். அவளும் விடவில்லை, அவருடைய வலது வாசலை உடைத்தாள். மிச்சம் அவருடைய இடது வாசல். அதற்கு முன்னால் 'கல்யானை' என்ற காவல் அட்டை மலைபோல் நின்றது.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. மூன்றாவது முறை கட்டிலிருந்து எடுத்த ஓர் அட்டையை அவர் கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்திருந்த அட்டைகளின் இடது ஓரத்தில் சொருகினார். அதன்பின் அதைத் தொடவே இல்லை. எத்தனையோ சந்தர்ப்பம் வந்தும் இறக்கவில்லை. என்ன அட்டை அது? எதற்காகக் காத்திருக்கிறார்?

பிறகுதான் விசித்திரம் தொடங்கியது. அவள் சும்மா ஆழம் பார்க்க ஒரு நோஞ்சான் ஓநாய் அட்டையை அவருடைய இடது வாசலுக்கு அனுப்பினாள். கல்யானையைக் குறுக்கே திருப்பியிருந்தால் ஓநாய் சட்னி. அவர் திருப்பவில்லை. யானை அங்கே இருப்பதே தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். வாசலில் விரிசல் விழுந்தது.

பொறி வைக்கிறார் என்று நினைத்தாள் எடிட்டர். இருந்தாலும் துணிந்து, காவலைத் தாண்டி வாசலை உடைக்கும் 'இடி' அட்டையை இறக்கி விரலை ஊன்றினாள்.

"மறுப்பு உண்டா, மாமா?"

"இல்லை."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரலை எடுத்தாள். எடுக்கும்போதே பார்த்தாள். இடது ஓரத்தில், கவிழ்ந்தபடி, அந்த அட்டை.

இப்போது விசில் மேஜையின் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது நீங்க வச்ச மறுப்புதானே?"

"எது?"

"இது சார். இதோ."

டைம் கீப்பர் மேஜையின் நடுவைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். நிமிர்ந்தார். "எங்கய்யா இருக்கு? நான் ஒண்ணும் வைக்கல."

மறுபடியும் சிரிப்பு. "டைம் கீப்பருக்கு நடிப்புக்கே தனியா ஒரு கப்பு கொடுக்கலாம்பா!" என்றான் ஒருவன்.

பின்வரிசையில் எல்லோருக்கும் தேநீர் எடுத்துவந்துகொண்டிருந்த மகன் தட்டோடு நின்றுவிட்டான். லாண்டரி வேன் ஓட்டுகிறவன். காலையிலிருந்து 'நான் யார் பக்கமும் இல்லை' என்று சொல்லியே களைத்தவன். "அப்பா, இதெல்லாம் நல்லாயில்ல. வச்சா வச்சேன்னு சொல்லுங்க."

"வைக்காததை வச்சேன்னு சொல்லணுமாடா?"

எடிட்டர் திகைத்துப்போனாள். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வண்டிக்குக்கூடப் பொய் நேரம் எழுதாத மனிதர். அதிகாரி சொல்லியும் எழுதாதவர். ஐம்பது பேர் நடுவில், கண்ணெதிரே கிடக்கும் அட்டையை இல்லை என்கிறார். இந்த ஆளையா இத்தனை நாள் மாமா என்று கூப்பிட்டோம்?

விசில் தலையைச் சொறிந்தார். "என் சர்வீஸ்ல, லேட்டா வச்சுட்டு நேரத்துக்கு வச்சேன்னு சாதிச்சவங்களைப் பார்த்திருக்கேன். தனக்குச் சாதகமான அட்டையை நான் வைக்கவே இல்லைன்னு சொல்றவரை இப்பத்தான் பார்க்கிறேன்." பிறகு குரலை உயர்த்தினார். "வாய் கணக்கில்ல. அட்டை மேஜையில இருக்கு. விரல் எழும்புறதுக்கு முன்னால விழுந்துச்சா, பின்னாலயா, அதுதான் கேள்வி. முன்னாலன்னா மறுப்பு செல்லும். பின்னாலன்னா இடி இறங்கியாச்சு, மேடம் ஜெயிச்சாங்க. வீடியோ பார்ப்போம். அதுவரைக்கும் அட்டையைத் திறக்கக்கூடாது!"

கேமராக்களை மாட்டிக் கொடுத்தது எடிட்டரேதான். மேஜைக்கு மேலே ஒன்று, முகத்துக்கு ஆளுக்கொன்று. விளம்பரப் படங்களையும் கல்யாண வீடியோக்களையும் வெட்டி ஒட்டுவது அவளுக்குத் தொழில். விசிலுக்கோ வீடியோவை ஓடவிடத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

"ஆட்டக்காரரே வீடியோவை ஓட்டுறது தப்புதான். டைம் கீப்பர் சார், உங்களுக்குச் சம்மதமா?"

"அவ பொய் காட்டமாட்டா. போகச் சொல்லுங்க," என்றார் மாமனார். கொஞ்சம் குழறினாற்போல் இருந்தது. கோபத்தில் நாக்கு தடுமாறுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பின்னறை முழுவதும் பெட்டிகள். ஒரு பெட்டிமேல் மடிக்கணினி. விசில் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அவள் மேல்கேமராவின் படத்தை எடுத்து, மணி நான்கு பதினேழில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். நொடிக்கு இருபத்தைந்து படம்.

விரல் கீழே. கீழே. கீழே. அட்டை மேஜையைத் தொடுகிறது. விரல் இன்னும் கீழே. இன்னும் கீழே. ஐந்தாவது படத்தில்தான் விரல் எழும்புகிறது.

ஐந்து படம். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் முன்னால்.

மறுப்பு செல்லும். எந்த அட்டைக்காக ஒரு மணி நேரம் பயந்தாளோ அது திறக்கும். இடி நின்றுபோகும். அடுத்த முறை அவர் அடித்தால் அவளுடைய மிச்ச வாசலும் போகும். அதோடு டாக்டர் பேச்சும் போகும், பந்தயப்படி, என்றைக்குமாக.

"என்ன மேடம், தெரியுதா?" விசில் கண்ணைச் சுருக்கினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணா நடந்த மாதிரி இருக்கு. கண்ணாடி வேற வெளியில வச்சுட்டேன்."

எடிட்டரின் விரல் விசைமேலேயே நின்றது. அட்டை பின்னால்தான் விழுந்தது என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஆளுக்கு நல்லதுக்குத்தான். ஒரு பொய். ஒரே ஒரு பொய்.

அவ பொய் காட்டமாட்டா.

"ஒரு நிமிஷம்," என்றாள். "முகத்துப் படத்தையும் பார்த்துடறேன். இல்லைன்னு அவர் எப்பச் சொன்னாரோ..."

மாமனாரின் முகம் திரையில் நிறைந்தது. அவள் ஓடவிட்டாள். 'இல்லை' என்ற சத்தம் வந்தது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி ஓட்டினாள்.

"உதடும் சத்தமும் பொருந்தலையே."

"அப்படின்னா?"

"சத்தம் ஒரு இடத்தில, வாயசைவு ஒரு இடத்தில. என் வேலையில இந்தத் தப்பு வரவே வராது." அவளுக்குத் தொழில் ரோஷம் வந்தது. ஆட்டம் தொடங்குமுன் மூன்று கேமராவுக்கும் பொதுவாகக் கைதட்டி வைத்திருந்தாள். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். கை சேரும் படத்தில் சத்தம் கச்சிதமாக இருந்தது. படத்தில் தப்பில்லை.

அப்படியானால்?

முகத்தைப் பெரிதாக்கினாள். இல்லை என்று சொல்லும் வாய். பாதி வாய் சொல்கிறது. மறுபாதி, அவருடைய இடது பாதி, சொல்லவில்லை. சும்மா தொங்குகிறது. ஓரத்தில் ஒரு துளி எச்சில் மின்னுகிறது.

அவள் கை தானாக மேல்கேமராவுக்குத் தாவியது. இந்த முறை அட்டையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அட்டையை வைக்கும் கை முன்னால் வரும், மணிக்கட்டு திரும்பும். இந்த இடது கை எங்கேயும் வரவில்லை. இருந்த இடத்திலேயே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. விசிறியின் ஓரத்து அட்டை வழுகி, சரிந்து, விழுந்தது. மற்றவை மடியில் கொட்டின. மாமனார் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

திருப்பாத கல்யானை. அது இடது பக்கம். கண்ணுக்குத் தெரியாத அட்டை. அதுவும் இடது பக்கம்.

"ஐயோ!"

பெட்டி சரிந்தது. விசில் திரும்புவதற்குள் அவள் மடிக்கணினியை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்திருந்தாள்.

"என்னம்மா, நான் லேட்டா?" டைம் கீப்பர் வலது கன்னத்தால் சிரித்தார்.

அவள் மேஜைக்கு முன்னால் மண்டியிட்டாள். "மாமா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"எதுக்கு? நான் என்ன திருடனா?"

"தூக்குங்க மாமா! உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்!"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தூக்கினார். வலது கை தலைக்குமேல் நேராக நின்றது. இடது கை மடியில், சிதறிய அட்டைகளின் நடுவே, வேறு யாருடையதோபோலக் கிடந்தது.

"ரெண்டையும் மாமா."

"ரெண்டையும்தான் தூக்கியிருக்கேனே."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உறைந்தது. மகனின் கையிலிருந்து தேநீர்த் தட்டு விழுந்தது. அதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. காதைக் கிழிக்கும் சத்தம். விசில் முதல்முறையாக விசிலை ஊதினார்.

"வழி விடுங்க! நாற்காலியைத் தள்ளுங்க! ஆட்டம் நிறுத்தி வைக்கப்படுது, இந்த மேஜையை யாரும் தொடக்கூடாது! தம்பி, வண்டி எங்க?"

"வாசல்லயே."

சலவை செய்த படுக்கை விரிப்புகளின்மேல் அவரைக் கிடத்தினார்கள். மகன் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். பின்னால் எடிட்டர் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் மடிக்கணினியைத் திறந்தாள்.

"எங்க போறோம்? தீர்ப்பு வரலையே," என்று குழறினார் அவர்.

"வரும் மாமா. பேசாம இருங்க."

"இன்னுமாடி வீடியோ பார்க்கிறே?" முன்னாலிருந்து மகன் கத்தினான். "யார் ஜெயிச்சா என்னடி இப்ப!"

அவள் படத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். நான்கு பதினேழு. நான்கு பத்து. ஓநாய், நான்கு ஐந்து. அதற்கும் முன்னால். இடது கை அசைகிறதா? இல்லை. இன்னும் முன்னால். இல்லை. இன்னும். இதோ. இடது கை மேலே வருகிறது, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிறது, இறங்குகிறது. படத்தை நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தாள்.

அவசரப் பிரிவில் ஓடிவந்த டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துக்கொண்டே கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சது? தோராயமா சொன்னாலும் பரவாயில்ல."

"நாலு பதினேழுக்கு, டாக்டர்," என்றான் மகன். "அட்டை விழுந்துச்சு."

"இல்ல," என்றாள் எடிட்டர். "அது நமக்குத் தெரிஞ்ச நேரம். அவர் கடைசியா இடது கையை ஒழுங்கா அசைச்சது மூணு அம்பத்திரண்டு, பத்து செகண்ட். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அசைக்கல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பத்து செகண்டா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இத்தனை வருஷத்தில செகண்டோட வந்த முதல் ஆள் நீங்கதான்மா." டாக்டர் அதற்குள் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மாதிரி இருக்கு, அதான் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லைன்னா கரைக்கிற ஊசி போடலாம். நாலரை மணி நேரம்தான் கெடு. நிறைய பேர் எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாம வர்றாங்க, நாங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிற்போம். இப்ப மணி நாலு அம்பது. நேரம் இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது.

நாற்காலி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "எல்லாரும் சிரிச்சோம்டி. நானும் திட்டினேன்."

"நான் அதைவிட மோசம். பொய் சொல்றார்னு நினைச்சேன்." அவள் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நொடியில ஐஞ்சுல ஒரு பங்கைத் தேடிக்கிட்டு இருந்தோம். இருபத்தஞ்சு நிமிஷம் கண் முன்னாலேயே போயிருக்கு."

ஊசி ஏறியது. ஆறு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆறே காலுக்கும் இல்லை. ஆறரை மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே டாக்டர் போர்வையை விலக்கி, "இப்பப் பாருங்க" என்றார். இடது கையின் சுண்டுவிரல் மெல்ல, மிக மெல்ல, உள்ளே மடங்கியது. அடுத்து மோதிரவிரல். மகன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இனி நாளாகும். ஆனா வரும்," என்றார் டாக்டர். "நேரத்துக்கு வந்துட்டீங்க."

கட்டிலிலிருந்து ஒரு குழறல் கேட்டது. எடிட்டர் குனிந்தாள்.

"தீர்ப்பு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. "இந்த நிலைமையிலயுமா மாமா?"

தீர்ப்பு ஏழு மணிக்கு வந்தது. விசில் கடையைப் பூட்டிவிட்டு, மூடிபோட்ட தட்டு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்திருந்தார். உள்ளே இடியும், கல்யானையும், கவிழ்ந்த அந்த அட்டையும் மேஜையில் இருந்தபடியே இருந்தன. நர்ஸ் இரண்டு நிமிடம் கொடுத்தார்.

"சார், கை வச்சதுதான் கணக்குங்கிறது சட்டம்," என்று விசில் தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. "மேடம் வெளியில வச்சு வீடியோ பூராவும் காட்டினாங்க. அட்டை விரலுக்கு ஐஞ்சு படம் முன்னாலதான் விழுந்திருக்கு. ஆனா அது கை வச்சதில்ல சார், தானா நழுவினது. அதனால மறுப்பு இல்ல. இடி இறங்கியாச்சு. மேடம் ஜெயிச்சாங்க."

டைம் கீப்பர் கூரையைப் பார்த்தார். நேரம் சரிபார்ப்பதுபோல யோசித்தார். "சரியான தீர்ப்பு," என்றார், பாதி வாயால்.

"பந்தயப்படி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டீங்க அப்பா," என்று சிரிக்க முயன்றான் மகன். "சொன்ன சொல் தவறல."

"தீர்ப்பு ஆயிடுச்சு, இனிமே திறக்கலாம்," விசில் தட்டை நீட்டினார். "இந்த ஒரு அட்டையை எதுக்கு சார் ஆட்டம் பூரா பொத்தி வச்சிருந்தீங்க? ஊரே கேட்குது."

கட்டிலில் ஓர் அசைவு. "வேண்டாம்," என்றார் மாமனார். "திறக்காதே, எடிட்டர்."

அவர் குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. வெட்கம்.

அவள் கறுப்பு உறையைப் புரட்டினாள்.

உள்ளே ஓநாயும் இல்லை, யானையும் இல்லை. அது ஆட்டத்தின் அட்டையே இல்லை. வெள்ளை அட்டை, மேலே நீல நிறத்தில் அச்சு. இதே ஆஸ்பத்திரி. மூளை நரம்புப் பிரிவு. முன்பதிவுச் சீட்டு.

"அப்போ முப்பத்தொன்பது அட்டையை வச்சுக்கிட்டா சார் ஆடினீங்க?" விசில் வாயைப் பிளந்தார். "ஒண்ணை வெளியே எடுத்துட்டு, இதைச் சொருகியா?"

டைம் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். "ஜெயிச்சுட்டு... இதை எடிட்டர் முன்னால... வைக்கலாம்னு... இருந்தேன். தோத்துட்டு வந்தான்னு... யாரும் சொல்லக்கூடாது."

எடிட்டருக்கு அச்சு எழுத்துக்கள் கண்ணில் மங்கலாயின. துடைத்துக்கொண்டு படித்தாள். பார்க்க வேண்டிய நாள்: நாளை, காலை எட்டரை. போட்டிக்கு மறுநாள். பதிவு செய்த நாள்: ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்.

அந்தச் செவ்வாய் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு மறுநாள்தான் அவர் பந்தயம் கட்டினார்.

அட்டையின் அடியில் ஒரு கோடு இருந்தது. 'உடன் வருபவர்' என்று அச்சிட்டு, நிரப்புவதற்கு இடம் விட்டிருந்தார்கள். டிப்போவின் புறப்பாட்டுப் பதிவேட்டில் முப்பத்தைந்து வருடம் எழுதிய அதே கட்டைப் பேனாவால், அதே நிமிர்ந்த எழுத்தில், ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

மகள்.